எந்த வகுப்பு? எந்தப் படி?

பையன் ஐந்தாவது படிக்கிறான் என்று பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். அந்த ஐந்தாவது புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து, படிடா பார்ப்போம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2005 முதல் 'பிரதம்' என்னும் அமைப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிகள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதே கேள்வி. ஆந்திரத்தின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்கு 22.6. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2022-இல் 10.3. ஊரே இப்படியிருக்க, நம் பிள்ளையை மட்டும் களிமண் மண்டை என்று திட்டுவது என்ன நியாயம், தோழர்களே?

நம் பிள்ளைகளுக்குச் சுமை இரட்டிப்பு. வீட்டில் தமிழ்; பாகாலா பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, அர்த்தம் கேட்டால் விழிக்கிறது. இப்படி விழித்து விழித்துச் சலித்த பிள்ளைதான் ஒருநாள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நம் பின்னாலேயே செங்கல் சூளைக்கு வருகிறது.

எழுத்துத் தெரியாத நாங்கள் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி, அரைப் பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் புரிந்திருக்கிறது. திணறினால் கீழ் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். அதில் வெட்கம் எதற்கு? தமிழ்நாட்டில் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தும் பழகட்டும். தெலுங்கில் நான்கு எழுத்துகள் நிற்கும் இடத்தில் நமக்கு 'க' ஒன்றுதான், குழம்பினால் அடிக்காதீர்கள்.

சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநில அரசுகள் வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லிக் கொண்டிருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுக் கொண்டேதான் இருப்போம். ஆனால் உத்தரவு வரும்வரை பிள்ளையின் வயது நிற்காதே!

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, மேலே ஏற்ற என்ன செய்கிறீர்கள் என்று வாத்தியாரைக் கேளுங்கள். காட்பாடி போய் வருகிறவர்கள் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இரண்டொன்று வாங்கி வந்து சங்கத்தில் கொடுங்கள். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார நாங்கள் ஆள் ஏற்பாடு செய்கிறோம்.