லூபஸ் மாத்திரையும் வீடு தேடி வரட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

லூபஸ் நோயோடு வாழும் ஒரு பெண்ணின் தாய் நான். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குவதுதான் இந்த நோய். வந்தால் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். பாதிக்கப்படும் 10 பேரில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். இது யாருக்கும் தொற்றாது. தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குகிற வீடுகள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

கன்னம் சிவந்தால் மங்கு என்கிறார்கள். முடி கொட்டினால் சத்துக்குறைவு, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தால் டைஃபாய்டு, மூட்டு வலித்தால் வேலைக் களைப்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் பலருக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிடுகிறது. அது வலிக்காமல் கெடும். ஆனால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிற சோதனைதான் அது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரைதான் சிகிச்சைக்கு அடித்தளம். நோய் மீண்டும் சீறுவதைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் காக்க உதவும், கர்ப்ப காலத்திலும் தொடரலாம். 2020 மார்ச்சில், கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி ஊரே அதை வாங்கிக் குவித்தபோது, அதை நம்பி வாழ்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மருந்துக்கடையில் இல்லை என்றார்கள். கொரோனாவுக்கு அது உதவாது என்பது பிறகு ஆய்வுகளில் தெளிவானது.

இன்றும் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. போக முடியாத மாதத்தில், நோயை அடக்கச் சாப்பிடும் ஸ்டீராய்டும் நின்றுபோகிறது. அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதோடு, வெயிலில் நிற்காதே என்கிறார் மருத்துவர், வெயில் இந்த நோயைத் தூண்டும் என்பதால். களையெடுத்துப் பிழைக்கும் பெண் வேறு எங்கே நிற்பாள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பைகளும் வந்தன. சிறுநீரகம் போன பிறகு பை கொடுக்க முடிகிற அரசால், அது போகாமல் காக்க உதவும் மாத்திரையைக் கொடுக்க முடியாதா?

லூபஸையும் அந்தத் திட்டத்தில் சேருங்கள். மூட்டு நோய் (ருமட்டாலஜி) மருத்துவர் எழுதிய மாத்திரை, ஊர் சுகாதார நிலையத்திலிருந்து தடையின்றி வீட்டுக்கு வரட்டும். ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் சிறுநீர்ச் சோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நீண்ட காலம் சாப்பிட்டால் விழித்திரை பாதிக்கப்படலாம் என்பதால், சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் வேண்டும். இளம்பெண் ஒருத்தி மூட்டுவலி, காய்ச்சல், முகச் சிவப்பு என்று வந்தால் லூபஸாக இருக்குமோ என்று சந்தேகிக்கக் கிராமச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதற்கான அறிவிப்பை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளியின் தாய்