பூனைவணங்கி

குன்னம் வட்டாரத்து ஊர்களில் மழை பெய்து ஓய்ந்ததும் கொல்லைப்புறத்திலும் வேலியோரத்திலும் தானே முளைத்து நிற்பது குப்பைமேனிச் செடி. சொறி சிரங்கு கண்டால் அதன் இலையை அரைத்துப் பூசுவது நம் மூதாட்டியரின் கைவைத்தியம். அச்செடிக்குப் 'பூனைவணங்கி' என்ற மற்றொரு பெயரும் உண்டென்பதை நம்முள் இளையோர் பலர் அறியார்.

பெயரின் காரணத்தை நேரிலேயே காணலாம். செடியைப் பிடுங்கி வேரை முறித்துப் போட்டால், வீட்டுப் பூனை மணமறிந்து ஓடி வரும். வேரை நக்கும், கடித்து மெல்லும், அதன்மேல் முகத்தைத் தேய்த்துப் புரளும். சற்று நேரம் சென்றபின் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து போய்விடும். கண்டவர்கள் பூனைக்குப் பித்துப் பிடித்ததென்று நகைப்பர். சிலர் விளக்குமாற்றால் அடித்தும் விரட்டுவர்.

அது பித்தன்று. மேலைநாட்டில் 'கேட்னிப்' என்னும் புதினா இனச் செடியும், ஜப்பானில் 'மடாடாபி' என்னும் கொடியும் பூனைகளை இவ்வாறே ஈர்க்கின்றன. மடாடாபியில் முகம் தேய்த்த பூனையின்மேல் கொசுக்கள் குறைவாகவே அமர்கின்றன என்று ஜப்பானிய அறிஞர்கள் 2021ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இலையைக் கடித்து நசுக்கும்போது கொசுவை விரட்டும் பொருள் மிகுதியாக வெளிப்படுகிறதென்பது மறு ஆண்டில் தெளிவாயிற்று. வீண்விளையாட்டென்று மனிதர் எண்ணியிருந்தது, படைத்தவர் அச்சிற்றுயிருக்கு அளித்த தற்காப்பாய் விளங்கிற்று. பூனை அவ்வப்போது புல்லை மெல்லுவதும் பெரும்பாலும் நோயின் குறியன்று, அதன் இயல்பேயாகும்.

ஆயினும் பூனை மெல்லுவன யாவும் இத்தகையன அல்ல. சுவர் மண்ணை நக்குவது, அடுப்புச் சாம்பலைத் தின்பது, கம்பளி, சாக்கு, நூல் ஆகியவற்றைக் கடித்து விழுங்குவது ஆகியன உடற்குறையின் அடையாளமாகலாம். உண்ணியும் கொக்கிப்புழுவும் உறிஞ்சியதால் இரத்தம் குன்றிய பூனை மண்ணை நாடுவதுண்டு. பால்குடி மறக்குமுன் தாயினின்று பிரிக்கப்பட்ட குட்டி, வளர்ந்தபின்னும் துணியைச் சப்புவதுண்டு. விழுங்கிய நூலின் முனை வெளியே தொங்கினால் அதனைப் பிடித்து இழுத்தலாகாது, குடலைக் கிழித்துவிடக்கூடும். அரசு கால்நடை மருந்தகத்துக்கே கொண்டு செல்லல் வேண்டும்.

பூனைக்குப் பாலும் சோறும் மட்டுமே இடுவது போதாது. 'டாரின்' என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தே பெறவேண்டும். அச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடுமென்பது 1975ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. எனவே, தவக்காலத்தில் நாம் சுத்தபோசனம் காப்பது நம் ஆன்ம நலனுக்காக. அதனைப் பூனையின்மேல் சுமத்த வேண்டுவதில்லை. நம் பெரம்பலூர்ப் பகுதிக்குப் பேர் பெற்றுத் தந்த சின்ன வெங்காயமோ பூனைக்கு நஞ்சு. இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெங்காயக் குழம்பு பிசைந்த சோற்றை அதற்கு இடாதிருப்போமாக.

பூனையைப் பற்றிக் கூற வந்த நாம், நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மண்ணும் பல்பமும் தின்னும் குழந்தையை அடிக்கிறோம். கருவுற்ற மருமகள் சாம்பலையோ பச்சரிசியையோ மறைவில் தின்றால், மசக்கையென்று சிரித்து விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைந்தோரிடம் இவ்வழக்கம் அடிக்கடி காணப்படுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறிதளவு இரத்தம் கொடுத்துச் சோதித்தால் உண்மை புலப்படும். இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே விலையின்றிக் கிடைக்கும்.

வாயில்லா உயிரும், வாயிருந்தும் கேட்கத் தயங்கும் பெண்ணும், சொல்லத் தெரியாத குழந்தையும் தங்கள் குறையை இவ்விதமாகவே வெளிப்படுத்துகின்றனர். கையை ஓங்குமுன் காரணத்தை ஆராய்வோம். ஆண்டவர் நமக்குக் கற்பித்த அன்பில் இதுவும் அடங்கியுள்ளது.