"காருக்குப் போடுறது டாக்டர்" என்பது ஒரு பதில் இல்லை

கார் கழுவுறதுக்கும் டாக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலைல அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஒரு டூட்டி பார்த்தா தெரியும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

சில மாசத்துக்கு முன்னாடி ரெண்டரை வயசுப் பையனைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.) அப்பா வாசல்ல கார் கழுவிட்டு இருந்திருக்கார். தார்க் கறை எடுக்க பெயிண்ட் கடைல லூஸ்ல வாங்கின தின்னர், தண்ணி பாட்டில்ல ஊத்தி படிக்கட்டுல வெச்சிருக்கார். பையன் தண்ணின்னு நினைச்சு குடிச்சிட்டான். பாட்டி பதறிப்போய் உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெச்சிருக்காங்க.

பாட்டி செஞ்சது பாசத்துல. ஆனா அந்த வாந்திதான் ஆபத்து. தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் லேசா ஓடுற திரவம். வயித்துல இருக்கும்போது செய்யுற கெடுதலை விட, வாந்தியில புரையேறி நுரையீரலுக்குள்ள போனா செய்யுறதுதான் பெருசு. கெமிக்கல் நிமோனியா. பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ஆக்சிஜன் வெச்சு 108-ல மேல அனுப்பினோம். பிழைச்சிட்டான். ஆறு நாள் ஆச்சு வீட்டுக்குப் போக.

அன்னைக்கு "என்ன குடிச்சான்?"னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஒரே பதில்: "காருக்குப் போடுறது டாக்டர்."

இதைச் சொன்னதும் "அப்பனுக்குப் பொறுப்பில்லை"ன்னு கிளம்பி வருவீங்க. நான் அந்தப் பக்கம் இல்லை. ஊத்துக்கோட்டை – பெரியபாளையம் ரோட்டுல லாரி பின்னாடி ஒரு வாரம் போய்ப் பாருங்க, வெள்ளைக் கார் என்ன கலர் ஆகுதுன்னு. செகண்ட் ஹேண்ட்ல, லோன்ல வாங்கின கார். அதை ஆயிரக்கணக்குல கேக்குற டீடெய்லிங் ஸ்டுடியோக்கு அவர் ஏன் போகணும்? வீட்லயே கழுவுறதுதான் புத்திசாலித்தனம். என் கோவம் லேபிள் இல்லாம லூஸ்ல விக்கிறவங்க மேல. "பத்து ரூபாய்ல ஷோரூம் பளபளப்பு"ன்னு ஆசிட்டைக் கையுறை கூட இல்லாம ஊத்தி ரீல்ஸ் போடுறவங்க மேல.

அடுத்தது வீல். கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போற வீடுகள்ல "கம்பெனி கெமிக்கல்"னு ஒரு கேன் இருக்கும். துரு எடுக்கும், அலாய் பளிச்சுனு ஆயிடும்பாங்க. உள்ள என்னன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. இந்த மாதிரி துரு நீக்கி, அலுமினியம் பளபளப்பாக்கி பலதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும். நீர்த்த நிலையில தோல்ல பட்டா உடனே எரியாது. பல மணி நேரம் கழிச்சு ராத்திரி வலி உயிர் போகும். உள்ள இறங்கி உடம்போட கால்சியத்தைப் பிடிச்சுக்கும், இதயத் துடிப்பே தாறுமாறாகும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல மட்டும் 2001 – 2013க்குள்ள கார், லாரி கழுவுற வேலையில 48 பேருக்கு இந்த ஆசிட் காயம். ஒரு தொழிலாளி அதைக் குடிச்சு இறந்தே போனார். இதுக்கு மாத்து கால்சியம் குளுக்கோனேட். ஆனா பட்டது அந்த ஆசிட்தான்னு தெரிஞ்சாதானே குடுக்க முடியும்?

ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே உத்தரவு போட்டாச்சு. வாங்குறவர் அடையாள அட்டை காட்டணும், கடைல பதிவேடு இருக்கணும், 18 வயசுக்குக் கீழ விக்கக்கூடாது, மீறினா 50,000 ரூபாய் வரை அபராதம். உங்க தெருக் கடைல அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

சரி, அப்ப எப்படித்தான் கழுவுறது? நான் என் பழைய காருக்குச் செய்யுறதைச் சொல்றேன். ரெண்டு பக்கெட், ஒண்ணுல கார் ஷாம்பு, இன்னொண்ணுல துணி அலச வெறும் தண்ணி. நாலு மைக்ரோஃபைபர் துணி. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, நிழல்ல. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிடுங்க, இல்லன்னா நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. மேல இருந்து கீழ. வீலுக்குத் தனித் துணி, அதே ஷாம்பு போதும். பாத்திரம் கழுவுற லிக்விட் வேண்டாம், போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துடும். போர் தண்ணி உப்பு, காய விட்டா வெள்ளைத் திட்டு விழும், உடனே துடைச்சிடுங்க. தார்க் கறைக்கு சமையல் எண்ணெயைத் துணியில நனைச்சு கொஞ்ச நேரம் ஊற வெச்சுத் துடைங்க, அப்புறம் ஷாம்பு. பொறுமை வேணும், ஆனா வரும். பாலிஷுக்கு ஒரு டப்பா பேஸ்ட் வேக்ஸ், மாசக்கணக்குல ஓடும். (என் மனைவி கேக்குறாங்க, இந்தப் பொறுமை வீட்டுப் பாத்ரூம் மேல ஏன் இல்லைன்னு. பாத்ரூம்னதும் ஞாபகம்: அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலக்காதீங்க, குளோரின் வாயு வரும்.)

அப்படியும் தின்னர் வேணும்னா வாங்குங்க. லேபிளோட இருக்கிற டப்பால, அதே டப்பாலயே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல.

யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, பால், முட்டை எதுவும் வேண்டாம். தோல்லயோ கண்லயோ பட்டா ஓடுற தண்ணில குறைஞ்சது 15 நிமிஷம் கழுவுங்க. 108 கூப்பிடுங்க. டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117, இலவசம். குழந்தை நல்லா விளையாடுதுன்னு வீட்லயே உக்காந்துடாதீங்க, மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரும். வரும்போது அந்த பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க.