ஆல்டோ விலையில் ஜெர்மன் காரா?

செல்போனைத் திறந்தால் இப்போதெல்லாம் இதே கூச்சல்தான். "ஆல்டோ விலைக்கு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்!" என்று ஒரு பையன் பானட்டைத் தட்டிக் காட்டுகிறான். எஞ்சின் உறுமுகிறது. கீழே நூறு பேர் "அண்ணா, நம்பர் ப்ளீஸ்" என்று கெஞ்சுகிறார்கள்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 34 வருஷம் கிரீஸும் டீசலுமாக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இது பச்சைப் பொய். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை இறங்கும். செலவு இறங்காது.

நம் வயதுக்காரர்கள் சிலர் உடனே, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுக்கு இந்தப் பகட்டு?" என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. நாம் மட்டும் என்ன, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய ஜாவாவும் எஸ்டியும் வாங்கி, சைலன்சர் சத்தத்தில் தெருவை எழுப்பாதவர்களா? வேகத்தின் மேல் ஆசை வருவது குற்றம் இல்லை. அந்த ஆசையை வைத்து ஏமாற்றிப் பிழைப்பதுதான் குற்றம்.

ஐம்பது லட்சத்துக்கு விற்ற வண்டி ஏன் ஏழு லட்சத்துக்கு வருகிறது? வண்டியின் மதிப்பு இறங்கிவிட்டது. ஆனால் அதன் பிரேக் டிஸ்க்குக்கும், சஸ்பென்ஷன் ஆர்முக்கும், கியர்பாக்ஸுக்கும் அந்தக் கணக்கு தெரியாது. அவை இன்றும் ஐம்பது லட்ச ரூபாய் வண்டியின் உதிரி பாகங்கள்தான். முதல் ஓனருக்கு அந்த பில் பெரிதில்லை. இரண்டாமவர் முகம் சுளித்துக்கொண்டு கட்டினார். மூன்றாமவர் அடுத்த பில் வருவதற்குள் விற்றுவிட்டார். நாலாவதாக வருபவர் தலையில்தான் எல்லாம் விடியும். யானை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவது யார்?

என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகனுக்கு நடந்தது இது. கையிலிருந்த ஆறு லட்சத்தையும் ஒரே மூச்சில் போட்டு, இரண்டு கதவு வைத்த வெளிநாட்டு வண்டி ஒன்றை ஒரு கன்சல்டிங்கில் எடுத்தான். மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ் அடம் பிடித்தது. இரண்டரை லட்சம் எஸ்டிமேட். அவனிடம் ஏது? நண்பர் தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்தார். அந்த அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கிய பணம் அது. ஆபரேஷன் தள்ளிப்போனது. "ஊரே பார்க்கிற வண்டி" என்று விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

பையனுக்குக் கார் பைத்தியம் என்று ஊர் சிரிக்கிறது. விற்ற ஆளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

இவர்கள் செய்யும் வித்தைகள் புதியவை அல்ல. நீங்கள் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் நீலப் புகை வருகிறதா, டைமிங் செயின் கடகடக்கிறதா என்று தெரியும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன்" என்று திரும்பிவிடுங்கள்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் மண் கறை இருந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டி. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனை! அவை எல்லாம் காயலான் கடைக்குத்தான் போயின என்று நினைக்கிறீர்களா?

டயரின் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் வருஷத்தின் 14வது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியின் டயர் புதுசு போலப் பளபளக்கும், ரப்பர் உள்ளே செத்திருக்கும். அந்த டயரோடு சேலம் ஹைவேயில் 140ல் போகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. பிரேக் பார்க்காமல் ஒரு டவுன் பஸ்ஸைக்கூட நாங்கள் டிப்போவை விட்டு வெளியே அனுப்பியதில்லை. இவர்கள் அழுத்தினால் பறக்கும் வண்டியை வெறும் பாலிஷ் போட்டுக் கொடுக்கிறார்கள்.

காகிதம் இன்னொரு கூத்து. "பேர் மாத்துறது மெதுவா பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். கூடவே கூடாது. படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35ம் பேங்கின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28. அதற்கு மேல் நம் ஊர் சாலை வரியும் உண்டு. விலை சொல்லும்போது அந்த வரியைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். விற்பவருக்கும் ஒரு வார்த்தை: விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பேர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் குறைந்த பணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையே கூடாதா? கூடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம ஊர் கரிவரதன் என்ன செய்தார்? வெளிநாட்டு எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை. மாருதி 800ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா 1 வரை போனார். செட்டிபாளையத்தில் கரியின் பேர் தாங்கிய தடத்தில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 காருக்குள் இருப்பதும் ஸ்விஃப்ட் எஞ்சின்தான். விளையாட்டு வண்டியின் எடையிலும், கியர் போடும் கையிலும் இருக்கிறது. பானட்டில் ஒட்டிய சின்னத்தில் இல்லை.

ஆறு லட்சம் இருக்கிறதா? நாலு லட்சத்துக்குள், எடை குறைந்த, மேனுவல் கியர் உள்ள, நம்ம ஊர் மெக்கானிக்குக் கைப்பழக்கமான, ஒரே ஓனர் சர்வீஸ் பில்லோடு வைத்திருக்கும் வண்டியைத் தேடுங்கள். மீதி இரண்டு லட்சத்தைத் தொடாதீர்கள். புது டயர், பிரேக், ஆயில், கூலன்ட், பெல்ட், இன்சூரன்ஸ் எல்லாம் அதில்தான். 1500 சி.சி.க்கு மேல் போனால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, 2022ல் நிர்ணயித்த கணக்கில், வருஷத்துக்கு 7,897 ரூபாய். அதற்குக் கீழே, 1000 சி.சி.க்கு மேல் என்றால் 3,416. செலவு எப்படி எகிறுகிறது என்பதற்கு இது சின்ன உதாரணம்.

மகனோ பேரனோ செல்போனை நீட்டி, "அப்பா, பாருங்க, அடிமாட்டு விலை" என்றால் திட்டாதீர்கள். திட்டினால் உங்களிடம் சொல்லாமல் வாங்குவான். கூடவே போங்கள். ஒரு நல்ல மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவனிடம் மேலே பேச ஒன்றுமில்லை. அடிமாட்டு விலைக்கு வருவது பெரும்பாலும் அடிமாடுதான்.