குமாஸ்தாவுக்கும் பயிற்சி கொடுங்கள்!

கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. காலை ரயிலில் அங்கே பல்கலைக்கழகத்துக்கு இறங்குவது மாணவர்கள் மட்டுமல்ல, ஆபீஸ் ஊழியர்களும்தான்.

2016 முதல் மத்திய அரசு கல்லூரிகளுக்குத் தரவரிசை போடுகிறது. எத்தனை பேர் தேறினார்கள், வேலைக்குப் போனவர்களுக்கு என்ன சம்பளம் என்ற கணக்கைக் கொடுப்பவை கல்லூரிகளே. அந்தப் பட்டியலைப் பார்த்து, நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டுகிறார் தகப்பனார். ஒரு சைபர் தவறினால்?

2023-ல் வந்த மாளவியா மிஷன் பயிற்சி ஆசிரியர்களுக்கு. நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரில் கணக்கைத் தட்டுவது குமாஸ்தா ஆயிற்றே!

கூட்டிக் கழித்தால் மட்டும் போதாது. எந்தப் பாடப்பிரிவில் பையன்கள் பாதியில் நிற்கிறார்கள், அடுத்த வருஷம் ஹாஸ்டலில் எத்தனை அறை வேண்டும் என்று அதே கணக்கிலிருந்து சொல்லவும் தெரியவேண்டும். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ள மாட்டாரா? சம்பளத்தைப் பிடிக்காமல், ஆன்-டியூட்டி போட்டு வகுப்புக்கு அனுப்பட்டும் நிர்வாகங்கள்.