அம்மம்மாவின் முழங்காலும் நான் வாங்கிக் கொடுத்த குளிசையும்

அம்மம்மாவுக்கு முழங்கால் நோ தொடங்கி எத்தனை வருசம் எண்டு எங்கட வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவ கதிரையை விட்டு எழும்பும்போது "முருகா" எண்டு சொல்லித்தான் எழும்புவா. முதலில் நிலத்தில் இருந்து தேங்காய் திருவுவதை விட்டா. பிறகு கோயிலுக்கு நடந்து போவதை விட்டா. பிறகு செத்தவீடு, கலியாணவீடு எல்லாம் நிண்டு போச்சு. ஒவ்வொன்றும் நிற்கும்போது நாங்கள் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்தான்: "வயசு போனா அப்பிடித்தான்."

அந்த வசனத்தோடு சேர்ந்து வந்தது ஒரு குளிசை. டிக்ளோபெனாக். சந்தியில் இருக்கிற பாமசியில் துண்டு இல்லாமலே தருவார்கள். வாங்கி வருவது என்னுடைய வேலை. ஏ.எல். படித்த காலம் தொட்டு, ரியூசன் முடிந்து வரும் வழியில் ஒரு அட்டை. நாலு வருசமாக அதுதான் நான் அம்மம்மாவுக்குச் செய்த பெரிய உதவி எண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருசம் அவவின் பிறசர் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது கிரியேற்றினின் கூடியிருந்தது. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நோவுக்கு ஏதும் குளிசை போடுறனீங்களோ?" அம்மம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றிரவு தொடங்கி முழங்கால் தேய்மானம் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒரு விசயம் விளங்கியது. இந்த நோயைப் பற்றி நாங்கள் வீட்டில் சொல்லி வந்ததில் பாதி பிழை. அதற்கு நாங்கள் செய்து வந்ததிலும் பாதி பிழை. சரியானது எது எண்டு ஆராய்ச்சியாளர்கள் கன காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது எங்கட வீட்டு விறாந்தைக்குத்தான் வந்து சேரவில்லை.

முதலில் "வயசு போனா அப்பிடித்தான்" என்ற கதையைப் பார்ப்போம். மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் கசியிழையம் சிதைந்து, மூட்டு முழுவதுமே மெல்ல மெல்லப் பாதிக்கப்படுவதுதான் இந்த நோய். 2023இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணிப்பின்படி, 2020இல் உலகில் ஏறத்தாழ 59 கோடியே 50 இலட்சம் பேருக்கு இது இருந்தது. 1990ஓடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களில் பத்தில் ஆறு பேர் பெண்கள். சனத்தொகை கூடியதும் ஆயுள் கூடியதும் இதற்கு முக்கிய காரணங்கள்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

2017இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வித்தியாசமான வேலை செய்தார்கள். அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டிருக்கும் 2,500இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களைச் சோதித்தார்கள். சில, பல நூற்றாண்டுகளுக்கு முன் வேட்டையாடி வாழ்ந்தவர்களுடையவை. சில, 1800களிலும் 1900களின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்களுடையவை. மற்றவை அண்மைக் காலத்தவை. வயதையும் உடல் பருமனையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், அண்மைக் காலத்தவர்களிடம் முழங்கால் தேய்மானம் முந்திய தலைமுறைகளை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுதலாக இருந்தது. வயசு மட்டும்தான் காரணம் எண்டால் இப்படி வந்திருக்காது. நாங்கள் வாழ்கிற முறையில், அசைகிற முறையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. வாழ்கிற முறையால் கூடிய நோயை வாழ்கிற முறையால் கொஞ்சமாவது குறைக்கலாம் என்ற நம்பிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது, நாங்கள் நம்பிக் காசு செலவழிக்கிற வைத்தியங்கள். முழங்காலுக்குள் சின்னக் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சத்திரசிகிச்சை ஒரு காலத்தில் மிகப் பிரபலம். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையான சத்திரசிகிச்சையும், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்த பொய்ச் சத்திரசிகிச்சையும் செய்தார்கள். இரண்டு வருசம் பார்த்ததில் இரண்டு பக்கத்தாருக்கும் நோவில் வித்தியாசமில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பும் குளுக்கோசமைன் போத்தல் தெரியும்தானே? 2006இல் 1,583 பேரிடம் சோதித்தபோது, மொத்தத்தில் வெறும் மாக்குளிசையை விட அது மேலாக நிற்கவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருக்கா இரண்டு வருசம் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், உப்புத் தண்ணி ஊசி போட்டவர்களை விட நோ குறையவில்லை. கசியிழையம்தான் கூடத் தேய்ந்திருந்தது. மூட்டு முற்றாகப் பழுதானவர்களுக்குச் செய்யும் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை வேறு கதை. அது பலருக்கு நடையைத் திருப்பிக் கொடுக்கிறது.

அப்ப எதுதான் வேலை செய்யுது? இதற்கு விடை கேட்டால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். தேகப்பயிற்சி. தொடை முன்பக்கத் தசையைப் பலப்படுத்துவது, நடப்பது, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 156 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டீரொய்ட் ஊசியும் பாதிப்பேருக்கு இயன்மருத்துவரிடம் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு வருசம் கழித்துப் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் நோ குறைவு, நடமாட்டம் கூட. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி பயிற்சியைத்தான் முதல் வைத்தியமாக வைக்கிறது. 45 வயது தாண்டி, நடக்கும்போது நோகுது, காலையில் விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை எண்டால், நோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கூடத் தேவையில்லை எண்டும் அது சொல்லுது.

பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. 2024இன் கொக்ரேன் மீளாய்வு 139 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பயிற்சியால் வரும் பலன் இருக்கிறது, ஆனால் அது பெரிதல்ல எண்டுதான் முடிக்கிறது. நோ மறைந்து போகாது. ஆனால் அந்தச் சின்னப் பலனுக்குச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை. கழிப்பறைக்குத் தனியப் போய் வருவதற்கும் ஒரு ஆளைக் கூப்பிடுவதற்கும் இடையில் உள்ள தூரம் சிலவேளை அந்தச் சின்னப் பலன்தான்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டா, "அவ வாழ்க்கை முழுக்கத் தோட்டத்திலயும் கிணத்தடியிலயும் முறிஞ்சவ. அவவுக்கு இனி என்ன எக்சசைஸ்?" நல்ல கேள்வி. மலையகத்தில் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் அம்மாக்களைப் பற்றியும் இதையே கேட்கலாம். ஆனால் வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. பாரம் தூக்குவது, மணிக்கணக்காகக் குந்தியிருப்பது, முழங்காலில் நின்று வேலை செய்வது எல்லாம் தேய்மானத்தைக் கூட்டும் காரணங்களாகத்தான் ஆய்வுகளில் வருகின்றன. வேலை, உடம்பு தாங்குமோ எண்டு கேட்டுவிட்டு வருவதில்லை. பயிற்சியில் எவ்வளவு, எத்தனை தடவை, எப்போது ஓய்வு என்பதை நோகிறவரின் உடம்புதான் தீர்மானிக்கும். உழைத்தே தேய்ந்த முழங்காலுக்கு "நடவுங்கோ" எண்டு புத்தி மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். கூட நின்று காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஆள் இல்லாத இடத்தில்தான் குளிசை வந்து இருக்குது. டிக்ளோபெனாக் வேலை செய்யாத மருந்தல்ல. நன்றாக வேலை செய்யும். அதுதான் பிரச்சினை. 2013இல் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று, கூடிய அளவில் தொடர்ந்து போடும்போது மாரடைப்பு போன்ற பெரிய இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதைக் காட்டியது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இந்த வகைக் குளிசைகள் குறைக்கும். பிறசருக்குச் சில குளிசைகளும், தண்ணி இறக்கும் குளிசையும் போடுகிற ஒருவர் இதையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி. முழங்கால் நோகிற வயசும் பிறசர், சலரோகம் வருகிற வயசும் ஒன்றுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். கிளினிக் கொப்பியில் ஒரு பட்டியல், பாமசி அட்டையில் இன்னொரு பட்டியல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருமில்லை. வவுனியாவிலும் வடமத்தியிலும் சிறுநீரக நோய் இத்தனை குடும்பங்களை அழித்துக்கொண்டிருக்கும் நாட்டில், அந்த நோய்க்கு வேறு காரணங்கள் ஆராயப்பட்டாலும், நோக்குளிசையை மிட்டாய் மாதிரி விற்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது.

இந்தக் குளிசைக்கு இன்னொரு கதையும் இருக்கு. அதை வாசித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

1990களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கோடிக்கணக்கில் இருந்த பறவை. வெண்முதுகுக் கழுகு எண்டு சொல்லும் ஒரு இனம் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சாத அளவுக்கு அழிந்தது. 2004இல் பாகிஸ்தானில் செய்த ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது: டிக்ளோபெனாக். மாடுகளின் நோவுக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் கழுகும் செத்தது. மனிதரை விட அந்தப் பறவைக்கு இந்த மருந்து பல மடங்கு நஞ்சு.

கழுகு போனால் எங்களுக்கென்ன எண்டு கேட்கலாம். கழுகு தின்னாத மாடுகள் வெளியில் கிடந்து அழுகின. நாய்கள் பெருகின. தண்ணி கெட்டது. 2024இல் பொருளியல் ஆய்வாளர்களான இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் கணக்கிட்டதில், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் மேலதிக மனித மரணங்களுக்குக் கழுகுகளின் அழிவு காரணமாகியிருந்தது. ஒரு நோக்குளிசை. அதுவும் மாட்டுக்குப் போட்டது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. மெலொக்சிக்காம் எண்டு கழுகுக்குப் பாதிப்பில்லாத மாற்று மருந்தும் வந்தது. ஆனால் கழுகுகள் இன்னும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

நாங்கள் விழுங்கும் டிக்ளோபெனாக்கும் எங்களோடு முடிவதில்லை. உலகின் பல ஆறுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நீரில் கண்காணிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. பூசும் ஜெல் குளிசையை விட உடம்புக்குப் பாதுகாப்பு, முழங்காலுக்கு முதலில் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் பூசியதில் சிறு பங்குதான் தோலுக்குள் போகுது, மிச்சம் குளிக்கும்போது கழுவுப்பட்டுத் தண்ணியில் போகுது. ஜெல் பிடித்த கையை முதலில் தாளில் துடைத்துவிட்டுக் கழுவினால் கொஞ்சமாவது குறையும்.

இப்போது எல்லாரும் பேசுவது புது ஊசியைப் பற்றி. உடல் நிறை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசியை, பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேரில் 68 வாரம் சோதித்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள். நூறு புள்ளி அளவுகோலில் ஊசி போட்டவர்களின் நோ 41.7 புள்ளி குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 27.5. நல்ல முடிவுதான். ஆய்வுக்குக் காசு கொடுத்தது அந்த ஊசியைச் செய்யும் கம்பனி என்பதையும், அது வாராவாரம் போட வேண்டிய விலை கூடிய மருந்து என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறையும் எண்டு 2005இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதை அறிய ஊசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எனக்குக் கேட்க இருப்பது பெரிய விசயமில்லை. பிரதேச ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவர்கள் வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள், வயதான பெண்கள் கூடி அரை மணித்தியாலம் பயிற்சி செய்ய ஒரு ஏற்பாடு வேண்டும். துண்டு இல்லாமல் நோக்குளிசை விற்பது நிற்க வேண்டும். இதற்கெல்லாம் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம். அதற்கு முதல் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. இன்றைக்கு வீட்டில் இருக்கிற குளிசைப் பையைத் திறந்து, எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். டொக்டரிடம் காட்டாமல் நீங்களாக எதையும் நிப்பாட்டவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

அம்மம்மா இப்போது பின்னேரத்தில் விறாந்தைக் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி இருப்பா. நான் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். ஏழாவதில் "காணும் மோனை" எண்டு பேரம் பேசுவா. கிரியேற்றினின் அதற்குப் பிறகு ஏறவில்லை. நோ போகவில்லை, எழும்பும்போது முருகனைக் கூப்பிடுவதும் நிற்கவில்லை. போன மாதம் மட்டும், ஆரிடமும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தா. வீட்டில் எல்லாரும் பதறிப்போய்த் தேடினோம். பிடிபட்ட போது அவ சொன்னது, "ஏன், நான் நடக்கக் கூடாதோ?"