ஆடாத அணியின் வரலாறு

பிற்ஸ்பேர்க் பிளிமத்ஸ் என்ற பேஸ்போல் அணியை எந்த மைதானத்திலும் எவரும் கண்டதில்லை. 1957 இல் வெளிவந்த 'ஒன் த ரோட்' நாவலால் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜக் கெருவக், இளமையில் கற்பனையாக அமைத்த லீக்கின் அணிகளுள் ஒன்று அது. மாபிள்களையும் பற்குச்சிகளையும் கொண்டு தொடங்கிய ஆட்டம் பின்னர் சீட்டாட்டமாயிற்று. வீரர்களின் புள்ளிவிபரங்களைக் கணக்கிட்டார்; அவர்களது ஒப்பந்தத் தகராறுகளைக்கூடச் செய்தியாக்கித் தாமே பத்திரிகை எழுதினார். 1969 இல் அவர் மறைந்தார். அத்தாள்களை நியூயோர்க் பொது நூலகம் பேணுகிறது.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மெய்யாகவே வியர்வை சிந்தி ஆடிய எத்தனையோ ஊர் அணிகளுக்கு ஒருவரிப் பதிவும் இல்லை. இல்லாத அணிக்கோ வரலாறு உண்டு. இந்தக் குறையில் எம்போன்ற பத்திரிகையாளருக்கும் பங்குண்டு.